89-ல் நிற்கும் மேசை

ஜூன் 3, 2025, செவ்வாய்

மீட்டிங்கில் நின்றபடி பேசலாம் என்று, மோட்டாரில் ஏறி இறங்கும் என் மேசையின் மேல் பட்டனை அழுத்தினேன். 73 செ.மீ. உயரத்தில் கிளம்பிய மேசை 89-ல் 'டக்'கென்று நின்று, இரண்டு விரற்கடை கீழே இறங்கிவிட்டது. எத்தனை தடவை அழுத்தினாலும் அதே கதை. அம்மா எட்டிப் பார்த்து, "அதுக்கும் முட்டி வலியாடா?" என்றாள்.

ஜூன் 4, புதன்

ரீசெட். பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டேன். பிறகு மேசையை அடிமட்டம் வரை இறக்கி, கீழ் பட்டனை மறுபடி அழுத்திப் பிடித்தேன். இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, லேசாக எழும்பி நின்றது. ஒவ்வொரு காலிலும் ஒரு மோட்டார், அதன் சுற்றுகளை எண்ண ஒரு ஹால் சென்சார். கரண்ட் போய் வந்ததில் அந்தக் கணக்கு தப்பியிருந்தால் இதிலேயே சரியாகியிருக்கும். ஆகவில்லை. விடாமல் ஏற்றி இறக்கியதில் டிஸ்பிளேயில் 'ஹாட்' வேறு. 2 நிமிடம் ஓடினால் 18 நிமிடம் ஓய்வு என்று அடியில் லேபிளே ஒட்டியிருக்கிறார்கள். வாங்கிய நாளிலிருந்து நான் குனிந்து பார்த்ததில்லை.

ஜூன் 5, வியாழன்

வாங்கிய இடத்துக்கு போன். "கன்ட்ரோல் பாக்ஸ் போயிருக்கும் சார், 6,500 ஆகும்." வாரண்டி முடிந்துவிட்டது. காசு கட்டும் முன், மோட்டார்களை இயக்கும் அந்த பாக்ஸில் இரண்டு கால்களின் ஒயர்களையும் இடம் மாற்றிச் செருகினேன். கோளாறு அடுத்த காலுக்குத் தாவினால் பாக்ஸ், அதே காலில் தங்கினால் மோட்டாரோ ஒயரோ. இங்கே இரண்டு காலும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே நின்றன. அதே 89.

படுத்த பிறகுதான் உறைத்தது. கெட்டுப்போன மோட்டாருக்கு 89 என்று எப்படித் தெரியும்?

ஜூன் 7, சனி

பக்ரீத் விடுமுறை. ஜன்னல் ஸ்கிரீனை விலக்கினேன். பின்னால் ஜன்னலடி கடப்பாக்கல், சுவரைவிட ஒன்றரை இஞ்ச் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஏசிக் காற்று முகத்தில் அடிக்கிறதென்று ஞாயிறன்று மேசையை அங்கே தள்ளியது சாட்சாத் நான்தான். கல்லில் முட்டியதும் மோட்டார் இழுக்கும் கரண்ட் ஏறும். ஏதோ இடிக்கிறது என்று பாக்ஸ் பின்வாங்கும். பாவம், அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

நாலு இஞ்ச் முன்னால் இழுத்தேன். 112 வரை சரசரவென்று ஏறியது. பின்விளிம்பில் லாமினேட் உரிந்திருக்கிறது. கீழ்வீட்டுக் கொத்தனார் அண்ணனிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்தால் இடது பக்கம் ஒரு நூல் தூக்கல். இன்னொரு ரீசெட்டில் குமிழி நடுவுக்கு வந்தது.

ஜூன் 9, திங்கள்

"பாக்ஸ் அனுப்பட்டுமா சார்?" என்று போன்.

"வேண்டாங்க, சரியாயிடுச்சு."

"என்ன சார் பண்ணீங்க?"

"ஸ்கிரீனை நகர்த்தினேன்."

"மானிட்டரையா சார்?"

ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.