மடல் பூட்டியிருந்தது, தலைப்பு திறந்திருந்தது

மூன்று வருடம் முன்பு ஜெர்மனியில் உள்ள ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பு வேலை செய்து கொடுக்க ஒப்புக்கொண்டேன். புகலிடம் கேட்டு அங்கே காத்திருக்கும் ஈழத் தமிழர்களின் காகிதங்கள்தான் வேலை. பிறப்புச் சான்றிதழ், மருத்துவ அறிக்கை, கைப்பட எழுதிய வாக்குமூலம் எல்லாம் வரும். அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: எந்த மடலானாலும் எஸ்/மைம் என்ற மின்னஞ்சல் பாதுகாப்பு முறையில் மின்னணுக் கையெழுத்திட்டு, என்கிரிப்ட் செய்து, அதாவது பெறுபவர் மட்டும் திறக்கும்படி பூட்டித்தான் அனுப்ப வேண்டும்.

என்னிடம்தான் டிஎஸ்சி என்ற மின்னணுக் கையெழுத்துச் சான்றிதழ் இருக்கிறதே என்று நினைத்தேன். ஒரு அரசு டெண்டருக்காக வாங்கிய யூஎஸ்பி டோக்கன் அது. அதைச் செருகி, தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் இணைத்து, ஒரு சோதனை மடல் அனுப்பினேன். கையெழுத்தை நம்ப முடியவில்லை என்று அவர்கள் கணினி காட்டியதாகப் பதில் வந்தது. சான்றிதழைத் திறந்து பார்த்தால் இன்னொரு சிக்கல். அதன் பயன்பாடு என்ற இடத்தில் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. நம் ஊரில் கையெழுத்துக்கு ஒரு சான்றிதழ், என்கிரிப்ஷனுக்கு வேறு சான்றிதழ். டெண்டருக்கு இரண்டும் வேண்டியிருந்தால் சேர்த்து வாங்கியிருப்பேன், அப்போது தேவைப்படவில்லை.

அப்புறம் ஐரோப்பிய நிறுவனம் ஒன்றிடம் மின்னஞ்சல் சான்றிதழ் வாங்கினேன். என் முகவரிக்கு ஒரு குறியீடு வந்தது, அதைத் திருப்பிக் கொடுத்தேன், முடிந்தது. அந்தச் சான்றிதழ் சொல்வது இவ்வளவுதான்: இந்த அஞ்சல்பெட்டி இவர் கையில் இருக்கிறது. என் பெயருக்கு அது எந்த உறுதியும் தருவதில்லை. சாவியும் சான்றிதழும் சேர்ந்து பி12 என்ற ஒரே கோப்பாக வரும், அதற்கு ஒரு கடவுச்சொல். நான் கையெழுத்திட்ட ஒரு வெற்று வணக்கத்தை அனுப்பினேன், அவர்களும் அப்படியே அனுப்பினார்கள். கையெழுத்தோடு சான்றிதழும் போய்ச் சேர்ந்துவிடும், அதில் இருக்கும் பொதுச் சாவியை வைத்து அவர்கள் மடலை எனக்கென்று பூட்டலாம். திறக்கிற சாவி என்னிடம் மட்டும். கையெழுத்தில் இது தலைகீழ்: நான் என் தனிச் சாவியால் போடுவதை யாரும் என் பொதுச் சாவியால் சரிபார்க்கலாம். இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன், அந்த இரண்டு வணக்கங்களுக்குப் பிறகுதான் மனதில் உட்கார்ந்தது.

படங்களை வெளியிலிருந்து இழுக்கும் ஹெச்டிஎம்எல் காட்சியை அணைத்து வைக்கச் சொன்னார்கள். 2018-இல் ஈஃபெயில் என்ற பெயரில் ஜெர்மனி, பெல்ஜியம் ஆய்வாளர்கள் காட்டிய ஓட்டை அது. பூட்டிய மடலைத் திறக்கும் மென்பொருளே, திறந்த எழுத்தை ஒரு பட முகவரியோடு ஒட்டி வெளியே அனுப்பிவிடும்படி செய்ய முடிந்தது. எஸ்/மைம், மடலைப் பூட்டும் இன்னொரு முறையான ஓபன்பிஜிபி இரண்டுமே அதில் மாட்டின.

இரண்டாம் மாதம் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பேருந்தில் போகும்போது கைபேசியில் அஞ்சல்பெட்டியைத் திறந்தேன். அதில் என் சாவி இல்லை, ஆகவே மடலுக்குள் ஒன்றும் தெரியவில்லை. எஸ்மைம்.பி7எம் என்று ஒரு இணைப்பு மட்டும் இருந்தது. அதற்கு மேலே, தடித்த எழுத்தில், நானே தட்டச்சு செய்த தலைப்பு: ஒருவருடைய முழுப்பெயர், பக்கத்தில் 'மனநல மருத்துவ அறிக்கை'. எஸ்/மைம் பூட்டுவது மடலின் உடலைத்தான். அனுப்புநர், பெறுநர், தேதி, தலைப்பு எல்லாம் உறையின் மேல் எழுதியது போல வெளியே நிற்கும். வழியில் உள்ள எந்த சர்வரும் படிக்கலாம். அன்றே வழக்கறிஞருக்கு எழுதி உண்மையைச் சொன்னேன். இனிமேல் கோப்பு எண் மட்டும் போடுங்கள் என்றார். அனுப்பியதைத் திரும்ப வாங்க வழி இல்லை.

கையெழுத்துப் பிரதிகளில் யாழ்ப்பாண வழக்கு புரியாத இடங்கள் வரும். அலுவலகத்தின் சம்மதத்தோடு, டொராண்டோவில் இருக்கும் ஓர் அக்காவின் உதவியைக் கேட்டேன். அவர் வைத்திருந்தது ஓபன்பிஜிபி. ஃபில் சிம்மர்மன் 1991-இல் வெளியிட்ட பிஜிபியிலிருந்து வளர்ந்த தரம் அது, 2024-இல்கூட ஆர்எஃப்சி 9580 என்ற இணையத் தர ஆவணமாகப் புதுப்பிக்கப்பட்டது. எஸ்/மைமோடு அது பேசாது, அதனால் எனக்கு இரண்டாவதாக ஒரு சாவி. இதில் சான்றிதழ் நிறுவனம் எதுவும் தேவையில்லை, சாவியை நாமே உருவாக்கலாம். ஆனால் வந்த சாவி அக்காவுடையதுதானா என்பதையும் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு வழி கைரேகை. சாவியின் சுருக்கமாக 40 எழுத்துகள், நான்கு நான்காகப் பத்துக் கட்டு. மடலில் அனுப்பினால் பயனில்லை, சாவியை மாற்றியவன் அதையும் மாற்றுவான். குரல் தெரிந்தவர் என்பதால் தொலைபேசியில் படித்தோம். மூன்றாவது கட்டிலேயே, "பீயோ டீயோ தம்பி? திருப்பிச் சொல்லும்" என்றார். இலக்கங்களில் குழப்பமில்லை, ஏ முதல் எஃப் வரையிலான ஆறு எழுத்துகள்தான் காதில் ஒன்றுபோல விழுகின்றன. அக்காவே ஊர்ப்பெயர் வைத்தார்: ஏ-க்கு அனலைதீவு, பி-க்கு பட்டிக்கலோ, சி-க்கு சாவகச்சேரி, டி-க்கு டெல்ஃப்ட், இ-க்கு எலிஃபன்ட் பாஸ், எஃப்-க்கு ஃபோர்ட். முதலிலிருந்து தொடங்கினோம். பத்தாவது கட்டு முடிந்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவருடைய சாவியை நம்பத்தக்கது என்று குறித்தேன்.

வருடம் முடிந்து எஸ்/மைம் சான்றிதழ் காலாவதியானது. புதியது வந்ததும் பழையதை நீக்கிவிட்டேன். காலாவதி என்பது இனிமேல் போடும் கையெழுத்துக்கும் இனிமேல் வரும் மடலுக்கும்தான், பழைய மடல்களைத் திறக்கப் பழைய சாவி என்றைக்கும் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு மேல்முறையீட்டுக்கு முந்தின வாரம், ஒரு வாக்குமூலத்தில் தேதி சரியா என்று வழக்கறிஞர் கேட்டார். மூலத்தின் நகல் அந்தப் பழைய மடலில்தான் இருந்தது. திறக்க முடியவில்லை என்று திரை சொன்னது.

மூன்று மணி நேரம் தேடினேன். பழைய மடிக்கணினியின் டவுன்லோட்ஸில் அந்த பி12 கோப்பு கிடந்தது. கடவுச்சொல் ஒரு டைரியின் கடைசிப் பக்கத்தில், பென்சிலில். அதைத் தண்டர்பேர்டில் ஏற்றியதும் மடல் திறந்தது. தேதி இரண்டாம் பக்கத்தில் இருந்தது, நான் மொழிபெயர்த்ததும் அதுவே. அன்று மாலையே பதில் போட்டேன், தலைப்பில் கோப்பு எண் மட்டும்.