பொங்கல் முடிந்து திரும்பிய வழியில்

ஜனவரி 18, இரவு

அம்மா பேசுகிறாள். ஸ்கேனில் தலைக்குள் ரத்தக்கசிவு எதுவும் இல்லை என்றார்கள். இடது தொடை எலும்பு முறிந்திருக்கிறது. இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

ஜனவரி 19

கண்ணை மூடினால் அந்த லாரியின் பின்பக்கம் வந்து நிற்கிறது. செங்குறிச்சி டோல் தாண்டிக் கொஞ்ச தூரம், விடிகாலை மணி நாலே முக்கால் இருக்கும். பின் விளக்கு எரியாமல், பாதி ரோட்டில் பாதி ஓரத்தில் நின்றிருந்தது. பார்த்தேன், பிரேக்கை மிதித்தேன், போதவில்லை. ஏர்பேக் வெடித்ததும் உள்ளே முழுக்கப் பட்டாசு வெடித்த மாதிரி நெடி, வெள்ளையாகத் தூள், கார் தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவிதான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். முன்னால் பெல்ட் போட்டிருந்த எங்கள் இரண்டு பேருக்கும் நெஞ்சில் பட்டையாக ஒரு சிவப்புக் கோடு மட்டும். பின் சீட்டில் படுத்திருந்த அம்மா இரண்டு சீட்டுக்கும் நடுவில் கீழே கிடந்தாள்.

பால் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தினார். இறங்கியதும் எங்களிடம் வரவில்லை, மீடியனில் இருந்த அரளிச் செடியை ஒடித்து, காருக்குப் பின்னால் நன்றாகத் தள்ளிக் கொண்டுபோய் ரோட்டில் போட்டுவிட்டுத்தான் வந்தார். எங்கள் டிக்கியில் சிவப்பு முக்கோணம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. எனக்கு அது ஞாபகமே வரவில்லை. இரண்டு பேர் அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே இழுக்கப் போனார்கள். "இழுக்காதீங்க, கழுத்துல அடியிருந்தா என்ன பண்ணுவீங்க, 108 வரட்டும்" என்று தடுத்தார். யாரோ சோடா உடைத்துக்கொண்டு வந்தார்கள், அதையும் கொடுக்கவிடவில்லை. ஆபரேஷன் என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டுமாம். ஆம்புலன்ஸ் வரும்வரை ஜன்னல் வழியாக அம்மாவின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

பெயர்கூடக் கேட்கவில்லை.

ஜனவரி 20

ஆபரேஷன். ராடு வைத்திருக்கிறார்கள். நாலு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

சுவரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின் போர்டு. விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்குச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும். 2021-இல் ஆரம்பித்தபோது செய்தியில் படித்ததுதான். அன்றைக்கு ஆம்புலன்ஸில் வரும்போது கையில் பணம் எவ்வளவு இருக்கிறது என்றுதான் எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 21

இன்று எனக்குக் கழுத்து திரும்பவில்லை. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் திட்டினார், அன்றைக்கே காட்டியிருக்க வேண்டுமாம். இவளுக்கும் எக்ஸ்ரே எடுத்துவிட்டோம்.

ஜனவரி 22

காரைப் பார்க்கப் போனேன். போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துக் காலி மனையில் நிற்கிறது. பின் சீட்டில் அம்மாவின் மூக்குக் கண்ணாடி, பொங்கலுக்கு ஊரில் கொடுத்த மஞ்சள் கொத்து, காய்ந்து சுருண்டுபோய்.

சீட் கவருக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். பெல்ட்டை மாட்டும் பக்கிள் அங்கேதான் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் கவர் போட்டபோது, உட்காரும்போது குத்துகிறது, உள்ளே தள்ளிவிடுங்கள் என்று நான்தான் கடைக்காரரிடம் சொன்னேன். ஒரு கீறல் இல்லாமல் புதுசாக இருக்கிறது.

2022-இல் மகாராஷ்டிராவில் பால்கர் பக்கத்தில் கார் விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது, பின் சீட்டில் பெல்ட் போடவில்லை என்று செய்தி வந்ததும் ஆபீஸில் ஒரு வாரம் அதையே பேசினேன். பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம், போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று எல்லோருக்கும் சொன்னேன். அம்மாவிடம் ஒரு தடவைகூட, பெல்ட் போட்டுக்கோ என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் போட முடிந்திருக்காது.

ஜனவரி 24

ஏ.ஆர். காப்பி வாங்கினோம், ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் எழுதிய விபத்துப் பதிவு. அதில் 'கீழே விழுந்து காயம்' என்று இருக்கிறது. கார் என்றே ஒரு வார்த்தை இல்லை. வக்கீல் பார்த்ததும் முகம் மாறிவிட்டது, நாளைக்கு இழப்பீடு கேட்கும்போது எதிர்த்தரப்பு முதலில் இந்தக் காகிதத்தைத்தான் நீட்டுமாம். கேஷுவால்டியில் டாக்டர் கேட்டபோது பதில் சொன்னது யார்? நானா? அம்மா சீட்டிலிருந்து கீழே விழுந்துட்டாங்க என்று சொன்னது நானாக இருக்குமோ? ஞாபகமில்லை.

நல்லவேளை, இவள் அந்த இருட்டிலேயே போன் லைட்டைப் போட்டு லாரியின் நம்பர் பிளேட், எரியாத பின் விளக்கு, ரோட்டில் கிடந்த கண்ணாடி, கார் நின்ற இடம் எல்லாவற்றையும் வண்டிகளை நகர்த்துவதற்கு முன்னாலேயே எடுத்து வைத்திருக்கிறாள். பதினேழு படம். அத்தனையும் எஃப்.ஐ.ஆர்-க்கு உதவியது. முதலில் ஸ்டேஷனில், புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது போதும் என்றார்கள். காயம் இருக்கிறது, எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று அக்கா வீட்டு மாமா விடாமல் நின்று வாங்கினார்.

ஜனவரி 25

பால் வண்டிக்காரர் போலீஸுக்குப் பயந்துதான் சொல்லாமல் போயிருப்பார் என்று இவள் சொல்கிறாள். இருக்கலாம். உதவி செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை, மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று பிரிவே இருக்கிறது. அவருக்கு இதைச் சொல்ல வேண்டும். இன்னொரு வண்டிக்காக நிறுத்தும்போது அந்தப் பயம் இல்லாமல் நிறுத்துவார்.

ஜனவரி 28

வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா வாக்கரைப் பிடித்து நாலு அடி. இடது காலை ஊன்றக் கூடாது.

ஜனவரி 30

இன்ஷூரன்ஸ் படிவத்தில் 'விபத்து எப்படி நடந்தது' என்று கேட்டு மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள். நாய் குறுக்கே வந்தது என்று எழுது, பிரச்சினை வராது என்று இதுவரை நாலு பேர் சொல்லிவிட்டார்கள். நாய் எதுவும் வரவில்லை. லாரியில் விளக்கு இல்லை, நான் 90-க்கு மேல் போனேன், மூன்றரை மணியிலிருந்து எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டினேன். இதைத்தான் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 2

வக்கீல் வீட்டுக்கே வந்தார். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும் என்று சட்டம், தள்ளிப்போடாதீர்கள் என்றார். அம்மா மனுதாரர். லாரியின் உரிமையாளரும் அவருடைய இன்ஷூரன்ஸும் எதிர்தரப்பு, கூடவே நம் காரின் உரிமையாளரும் அதன் இன்ஷூரன்ஸும். காரின் உரிமையாளர் என்றால் நான்.

அம்மாவுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆனது. "என் புள்ளை மேல நான் கேஸ் போடுறதா?" என்று பேனாவை வைத்துவிட்டாள். பணம் கொடுப்பது இன்ஷூரன்ஸ்தான், பெயர் மட்டும்தான் என்னுடையது என்று வக்கீல் எவ்வளவோ சொன்னார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து பக்கிள் விஷயத்தைச் சொன்னேன். கவர், கடைக்காரர், நான் சொன்னது, எல்லாவற்றையும். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கழுத்து எப்படி இருக்கு உனக்கு" என்று கேட்டாள்.

பிப்ரவரி 3

பதினோரு மணிக்கு ஒர்க்ஷாப்பில் இன்ஷூரன்ஸ் சர்வேயர். மூன்று மணிக்கு அம்மாவுக்கு பிசியோ.