டெஸ்க்டாப் திடீரென்று அணைகிறதா? அணையும் விதத்தை முதலில் கவனியுங்கள்

கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்ததும் எல்லாருடைய கையும் நேராகப் பவர் பட்டனுக்குத்தான் போகும். ஒரு அரை நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். அணைந்த பிறகு அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதில்தான் கோளாறு எந்தப் பக்கம் என்பது தெரியும். இதைக் கவனிக்காமல் ரேமை மாற்றி, விண்டோஸை மறுபடி போட்டு, கடைசியில் எஸ்எம்பிஎஸ்ஸிடம் (கம்ப்யூட்டரின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) வந்து நிற்பவர்கள் ஏராளம்.

முற்றிலும் அணைந்து, பட்டனை அழுத்தினாலும் உயிர் வராமல், எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்சை ஆஃப் செய்து சற்று நேரம் கழித்துப் போட்டால்தான் எழுகிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டது என்று பொருள். அதிகக் கரண்ட் இழுக்கப்பட்டிருக்கும், அல்லது எங்கோ ஷார்ட். அணைந்த அடுத்த நொடி தானாகவே திரும்ப ஆன் ஆகிறதென்றால் மின்சாரம் ஒரு கணம் தடுமாறியிருக்கலாம், புராசஸர் பிழை கண்டு ரீசெட் ஆகியிருக்கலாம், அல்லது விண்டோஸின் நீலப் பிழைத்திரையான ப்ளூ ஸ்கிரீன் வந்து கண்ணில் படுமுன் மறைந்திருக்கலாம். மூன்றாவது வகை: அணைந்தே கிடக்கிறது, உடனே போட்டால் சில நிமிடங்களில் மறுபடி அணைகிறது, ஆறவிட்டால் நன்றாக ஓடுகிறது. இது பெரும்பாலும் சூடு.

ப்ளூ ஸ்கிரீன் ஓடி ஒளியாமலிருக்க, சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி போய், ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். அங்கே கெர்னல் பவர் 41 என்று சிவப்பில் நிற்கும். அதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போச்சு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முறையாக ஷட்டவுன் ஆகாமல் திரும்ப எழுந்தேன் என்பதற்கு மேல் 41 எதுவும் சொல்வதில்லை. அதன் டீடெயில்ஸ் பகுதியில் பக்செக்கோட் என்ற வரியைப் பாருங்கள். 0 அல்லாத எண் இருந்தால் அது ப்ளூ ஸ்கிரீன். டிரைவர், ரேம் பக்கம் தேடுங்கள். 0 என்றால் விண்டோஸுக்கே தெரியாமல் மின்சாரம் போயிருக்கவோ, இயந்திரம் அப்படியே உறைந்திருக்கவோ வாய்ப்பு அதிகம். அதே நேரத்தில் வியா லாகர் (WHEA-Logger) 18 பதிவாகியிருந்தால் புராசஸர் தரப்பில் ஹார்டுவேர் பிழை. ஓவர்கிளாக் (வேகத்தைக் கூட்டுவது), அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைப்பது) எதுவும் செய்திருந்தால் முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். 1074 இருந்தால் கோளாறே இல்லை. அப்டேட்டோ, ஷெட்யூல் செய்த வேலையோ, யூபிஎஸ் மென்பொருளோ முறைப்படி அணைத்திருக்கிறது. எந்த புரோகிராம் என்ற பெயரும் அந்தப் பதிவிலேயே இருக்கும்.

இனி எஸ்எம்பிஎஸ். கேம் தொடங்கியதும் அணைவது, ரெண்டர் போட்டதும் அணைவது எல்லாம் பெரும்பாலும் இங்கேதான் வந்து முடியும். புராசஸர் பெட்டியில் 65 வாட் என்று இருப்பதை நம்பிக் கணக்குப் போடுவது முதல் தவறு. அதே 65 வாட் வகையைச் சேர்ந்த இன்டெல் கோர் ஐ7 13700, வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் டர்போ நிலையில் 219 வாட் வரை இழுக்கும். கிராபிக்ஸ் கார்டு இன்னும் மோசம். அதன் சராசரித் தேவை ஒன்று, மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்தில் எகிறும் உச்சம் வேறொன்று. இதனால்தான் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.0 தரநிலை, எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல இருமடங்கு சுமையை 100 மைக்ரோவினாடி தாங்க வேண்டும் என்று விதித்தது. பழைய எஸ்எம்பிஎஸ் இந்த எகிறலை ஷார்ட் என்று நினைத்துப் பூட்டிக்கொள்ளும்.

செலவில்லாமல் இதைச் சோதிக்கலாம். ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி, கேமில் ஃபிரேம் ரேட்டை 60க்குக் கட்டிப்போட்டு ஓட்டுங்கள். அணைவது நின்றுவிட்டால் சந்தேகம் வலுக்கிறது. கூடவே வயரிங்கையும் பாருங்கள். ஒரே கேபிளில் வால்போலத் தொங்கும் இரண்டு 8 பின் கனெக்டரையும் கார்டில் மாட்டியிருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனிக் கேபிள் போட்டு மாட்டுங்கள். மாடுலர் கேபிள்களை (எஸ்எம்பிஎஸ் பக்கமும் கழற்றி மாட்டக்கூடியவை) வேறு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எடுத்துப் போடவே கூடாது. முனை ஒன்றுபோல இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை மாறும். ஒரே கணத்தில் ஹார்டு டிஸ்க் போய்விடும்.

மல்டிமீட்டர் இருந்தால், எதிலும் மாட்டாமல் தொங்கும் மோலெக்ஸ் கனெக்டரில் (எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பெரிய 4 பின் முனை) மஞ்சள், கறுப்பு இரண்டுக்கும் நடுவே 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பு, கறுப்புக்கு நடுவே 4.75 முதல் 5.25 வோல்ட் வர வேண்டும். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது அளந்து பயனில்லை, சுமை ஏற்றி அளக்க வேண்டும். அளவு கீழே போனால் எஸ்எம்பிஎஸ்ஸோ அதன் இணைப்போ சரியில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அளவு சரியாக இருந்தால் அது நல்லது என்று சொல்லிவிட முடியாது. மில்லிவினாடிச் சரிவு மீட்டரின் கண்ணில் விழாது. மதர்போர்டின் 24 பின் கனெக்டரையும் புராசஸருக்குப் போகும் 8 பின் கனெக்டரையும் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், அங்கே தொடர்பு தளர்ந்து சூடேறிக்கொண்டிருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் தங்கியிருக்கும்.

சூட்டைப் பொறுத்தவரை, எவ்வளவு ஏறுகிறது என்பதோடு எப்படி ஏறுகிறது என்றும் பாருங்கள். வெப்பநிலையைப் பதிவு செய்யும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) மென்பொருளில் லாக்கிங் போட்டுவிட்டு, சுமை ஏற்றும் ஓசிசிடி (OCCT) மென்பொருளில் சிபியு டெஸ்ட் ஓட்டினால், அணைந்த பிறகு அந்தக் கோப்பின் கடைசி வரிகள் எல்லாவற்றையும் சொல்லும். 40 டிகிரியில் இருந்தது இரண்டே வினாடியில் 95ஐத் தொட்டால் ஹீட் சிங்க் சரியாக ஒட்டவில்லை, அல்லது லிக்விட் கூலரின் பம்ப் நின்றுவிட்டது. இன்டெல் கூலரின் நான்கு புஷ் பின்களில் ஒன்று முழுதாக இறங்காமல் நிற்பது மிகச் சாதாரணம். மதர்போர்டின் பின்பக்கம் பார்த்தால் நான்கு முனையும் ஒரே அளவு வெளியே வந்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல ஏறினால் தூசும் காற்றோட்டமும்தான். ஆனால் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை புராசஸர் கனமான வேலையில் 95 டிகிரியைத் தொட்டு நிற்பது இயல்பு. அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். மேலும், இன்றைய புராசஸர்கள் சூடேறினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால்தான் அணையும். வேகம் குறையவே இல்லை, 65 டிகிரியில் அணைந்தது என்றால் புராசஸர் சூட்டை விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் திரும்புங்கள்.

சுமையே இல்லாமல் அணைகிறதா? யூபிஎஸ்ஸைத் தாண்டி நேராகச் சுவர் பாயின்டில் மாட்டிப் பாருங்கள். பேட்டரி போன யூபிஎஸ், மின்சாரம் ஒரு கணம் தாழ்ந்தாலும் கம்ப்யூட்டரைக் கைவிட்டுவிடும். 600 விஏ என்பது 600 வாட் ஆகாது, பல மாடல்களில் 360 வாட்தான். அடுத்து கேபினட்டின் பவர் பட்டன். அது உள்ளே சிக்கி நின்றால் நான்கு வினாடி அழுத்திப் பிடித்ததற்குச் சமம், அணைந்துவிடும். மதர்போர்டிலிருந்து பவர் எஸ்டபிள்யூ வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு ஆன் செய்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். முன்பக்க யூஎஸ்பி துளையில் வளைந்த பின், போர்டுக்கு அடியில் கிடக்கும் ஒற்றைத் திருகு, தேவையில்லாத இடத்தில் நிற்கும் ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் உலோகக் கால்), இவையும் இதே வேலையைச் செய்யும். ரைசன் இயந்திரம் சும்மா இருக்கும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆனால், பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோலை டிபிகல் கரண்ட் ஐடில் என்று மாற்றுங்கள்.

ரேம் கோளாறு பெரும்பாலும் ப்ளூ ஸ்கிரீனாகவோ ரீஸ்டார்ட்டாகவோதான் வரும். பயாஸில் ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஒரு இரவு ஓடவிட்டால் போதும். மதர்போர்டிலுள்ள சிஆர்2032 என்ற வட்ட பேட்டரியை மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள். அது தீர்ந்தால் கடிகாரமும் பயாஸ் அமைப்பும் மறந்துபோகும், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் அதனால் அணையாது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முன்பு நாளுக்கு ஒரு முறை அணைந்துகொண்டிருந்த இயந்திரம் நான்கைந்து நாளாவது அதே வேலையில் தாக்குப்பிடித்த பிறகுதான் கேபினட் மூடியைப் பூட்டலாம்.