யாரையும் கட்டுப்படுத்தாத ஒரு சட்டத் தொகுப்பு

அமெரிக்காவில் கொலை என்றால் என்ன என்பதற்கு ஒரே விடை கிடையாது. ஐம்பது மாநிலங்களும் ஐம்பது தண்டனைச் சட்டங்களை வைத்திருக்கின்றன. மத்திய அரசின் குற்றச் சட்டம் அவற்றோடு தனியே நிற்கிறது. வேலூரில் பதிவாகும் திருட்டு வழக்குக்கும், காட்பாடியைத் தாண்டி ஆந்திரத்தின் சித்தூரில் பதிவாகும் திருட்டு வழக்குக்கும் ஒரே பிரிவைப் போட்டுப் பழகிய நமக்கு இது விந்தையாகத்தான் படும். என்னிடம் பயிற்சி பெறும் இளம் வழக்கறிஞர் ஒருவர், அங்கே இதை யாரும் ஒழுங்குபடுத்த முயலவில்லையா என்று சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் என்னைக் கேட்டார். முயன்றது அரசு அல்ல, சட்டமியற்றும் அதிகாரம் எதுவுமில்லாத ஒரு தனியார் அமைப்பு என்று சொன்னபோது, "அப்படியானால் அதை யார் சார் மதிப்பார்கள்?" என்றார். அந்தக் கேள்விக்கான விடையைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் சேர்ந்து 1923-ல் தொடங்கிய அமைப்பு அமெரிக்கச் சட்டக் கழகம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெர்பர்ட் வெக்ஸ்லரின் தலைமையில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்து, 1962-ல் அது மாதிரி தண்டனைச் சட்டத் தொகுப்பு ஒன்றை நிறைவு செய்தது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்குள், மாநிலங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அதை முன்னால் வைத்துக்கொண்டு தங்கள் தண்டனைச் சட்டங்களைத் திருத்தி எழுதின. நியூயார்க், பென்சில்வேனியா, ஓரிகன், நியூஜெர்சி ஆகியவை அவற்றுள் சில. கலிஃபோர்னியாவோ தன் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தித் திருத்தியே காலம் தள்ளுகிறது.

மாநிலங்கள் பெரிதும் விரும்பி எடுத்துக்கொண்டது குற்றமனம், அதாவது குற்றம் செய்தவரின் மனநிலை, பற்றிய பகுதியைத்தான். அதற்கு முன்பு ஒவ்வொரு மாநிலச் சட்டத்திலும் தீய எண்ணம், கெடுமதி, வேண்டுமென்றே என்பன போன்ற சொற்கள் குவிந்து கிடந்தன; எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை வழக்குக்கு வழக்கு நீதிமன்றங்கள் தீர்மானித்தன. மாதிரித் தொகுப்பு அத்தனையையும் நான்கு நிலைகளாகச் சுருக்கியது. மாடியிலிருந்து ஒருவன் கல்லைத் தள்ளுகிறான், கீழே போகிறவர் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சாகவேண்டும் என்றே தள்ளியிருக்கலாம். அது நோக்கம் அல்ல என்றாலும், விழுந்தால் சாவு உறுதி என்று அறிந்தே தள்ளியிருக்கலாம். யார்மீதாவது விழக்கூடும் என்ற ஆபத்தை உணர்ந்தும் பொருட்படுத்தாமல் இருந்திருக்கலாம். அல்லது உணர்ந்திருக்க வேண்டிய ஆபத்தை உணராமலேயே இருந்திருக்கலாம். குற்றத்தின் ஒவ்வொரு கூறுக்கும் இந்த நான்கில் எது தேவை என்பதைச் சட்டமே சொல்லவேண்டும். சட்டம் வாய்திறக்காத இடத்தில் குறைந்தது மூன்றாவது நிலையையாவது அரசுத் தரப்பு நிரூபிக்கவேண்டும். என் கணிப்பில் அத்தொகுப்பின் ஆகப்பெரிய கொடை இதுதான். எந்த அரசியல் கட்சிக்கும் இதில் இழப்பில்லை என்பதால் சட்டமன்றங்கள் இதைத் தயக்கமின்றி ஏற்றன என்றும் நினைக்கிறேன்.

அரசியல் சூடு இருந்த இடங்களில் கதை வேறு. வேறொரு பெருங்குற்றத்தின்போது யாராவது இறந்துபோனால் அதைத் தானாகவே கொலையாகக் கொள்ளும் பழைய விதியைக் கைவிடுமாறு தொகுப்பு பரிந்துரைத்தது. பெரும்பாலான மாநிலங்கள் அதற்குச் செவிசாய்க்கவில்லை. மரண தண்டனை விஷயம் இதைவிட விசித்திரமானது. கழகம் அத்தண்டனை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. வைத்துக்கொள்ளும் மாநிலத்துக்கு உதவியாக, குற்றத்தின் கடுமையைக் கூட்டும் சூழல்களையும் குறைக்கும் சூழல்களையும் பட்டியலிட்டு எடைபோடும் முறை ஒன்றை வகுத்துக் கொடுத்தது. 1972-ல் ஃபர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அன்றைய மரண தண்டனை முறையை முறியடித்ததும், புதுச் சட்டம் எழுத முனைந்த மாநிலங்களுக்கு அந்தப் பட்டியல் கைகொடுத்தது. 1976-ல் கிரெக் வழக்கில் அத்தகைய முறை செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுபவத்தில் அந்த முறை நியாயம் தரவில்லை என்று கண்டு 2009-ல் கழகம் அப்பிரிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் மாநிலங்களின் சட்டப் புத்தகங்களுக்குள் ஏற்கெனவே போய்விட்டதைத் திரும்பப் பெற அதற்கு ஏது அதிகாரம்?

நம் பக்கம் திரும்பினால், 1837-ல் மெக்காலே வரைந்து, 1860-ல் நிறைவேறி, 1862-ல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம், தானே சட்டமாகவும் பிறருக்கு மாதிரியாகவும் இருந்தது. அதை எழுதும்போது மெக்காலே பார்த்த நூல்களுள் ஒன்று, அமெரிக்காவின் லூசியானாவுக்காக எட்வர்ட் லிவிங்ஸ்டன் எழுதிய வரைவு. லூசியானா அதைச் சட்டமாக்கவே இல்லை என்பது வேடிக்கை. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, சூடான் எனப் பல நாடுகளின் தண்டனைச் சட்டங்கள் நம்முடையதைப் பார்த்து எழுதப்பட்டவை. ஜம்மு காஷ்மீரும் 2019 வரை அதன் சாயலிலேயே அமைந்த ரன்பீர் தண்டனைச் சட்டத்தை வைத்திருந்தது.

தனியாகத் தண்டனைச் சட்டம் வைத்துக்கொள்ளும் அந்த வசதி மற்ற மாநிலங்களுக்கு இல்லை. குற்றச் சட்டம், மத்திய அரசும் மாநிலங்களும் சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருப்பதால், மத்தியச் சட்டத்தோடு முரண்படும் திருத்தத்தை ஒரு மாநிலம் கொண்டுவந்தால், அரசியலமைப்பின் 254(2)-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால்தான் அது நிற்கும். 2024 ஜூலையில் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது, மாநிலத் திருத்தங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் தமிழக அரசு குழு அமைத்ததும் இந்த எல்லைக்குள் நின்றுதான்.

உண்மையான மாதிரிச் சட்டத்தை நம் நாட்டில் பார்க்கவேண்டும் என்றால் சிறைச் சட்டத்துக்குத்தான் போகவேண்டும்; சிறை மாநிலப் பட்டியலில் உள்ளது. மத்திய அரசு 2016-ல் மாதிரிச் சிறைக் கையேட்டையும் 2023-ல் மாதிரிச் சிறைச் சட்டத்தையும் மாநிலங்களுக்கு அனுப்பியது. வேலூர் தொரப்பாடியில் மத்தியச் சிறையும், தென்மாநிலச் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் கல்விக்கழகமும் இருப்பதால், இந்த ஏடுகள் எங்கள் ஊருக்கு அந்நியமானவை அல்ல.

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், சாதி பார்த்துக் கைதிகளுக்கு வேலை ஒதுக்கும் மாநில விதிகளை உச்ச நீதிமன்றம் செல்லாதவை என அறிவித்தது. மாதிரிக் கையேட்டில் இருந்த போதாமையையும், மாதிரிச் சட்டத்தில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவே இல்லாததையும் அது சுட்டிக்காட்டி, மூன்று மாதத்துக்குள் திருத்துமாறு மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் மத்திய உள்துறை அமைச்சகம் இரண்டு மாதிரிகளையும் திருத்தியது. என்றாலும் மாதிரி திருந்தியதால் மாநிலத்தின் விதி திருந்திவிடாது. தமிழ்நாடு சிறை விதிகள் 1983-ல் ஒரு வரியை மாற்றவேண்டும் என்றாலும், அதைச் சென்னையில்தான் மாற்றவேண்டும்.