கிளிப்பை முதலில் பாருங்கள்

டிரம்ஸுக்குக் கிளிப் மைக் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒலித்தரத்தைத்தான் விசாரிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது கிளிப்பை. டிரம்மின் விளிம்பு வளையத்தைக் கவ்வும் பிடி தளர்ந்திருந்தால் ஒவ்வோர் அடிக்கும் மைக் தலையாட்டும். வளையத்தின் அதிர்வும் பதிவில் ஏறிவிடும்.

கூர்மையாக ஒலிக்கும் ஸ்னேர் டிரம்முக்கும் டாம் டிரம்களுக்கும் சென்ஹைசர் இ604 போன்ற, வெளி மின்சாரம் தேவைப்படாத டைனமிக் வகை மைக்கே என் தேர்வு. எடை 60 கிராம்தான். குச்சி தவறிப் பட்டாலும் தாங்கும். நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும் கன்டென்சர் வகை மைக்கில் அடியின் கூர்மை அழகாகக் கேட்கும், மறுக்கவில்லை. ஆனால் ஃபேன்டம் பவர் (மிக்சரிலிருந்து கேபிள் வழியே வரும் மின்சாரம்) வேண்டும், பக்கத்துச் சிம்பல் தட்டின் ஒலியையும் கூடவே அழைத்து வந்துவிடும். ஸ்டுடியோவில் சரி, மேடையில் தலைவலி.

ஸ்னேர் மைக்கின் பின்புறம் ஹைஹாட்டை (காலால் மிதித்து மூடும் ஜோடிச் சிம்பலை) நோக்கி இருக்கட்டும். இது முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு வகை மைக், அதற்குப் பின்பக்கம் காது மந்தம். காலால் மிதித்து அடிக்கும் பெரிய கிக் டிரம்முக்கு மட்டும் கிளிப் வேண்டாம், தாழ்ந்த ஒலிக்கென்றே செய்த பெரிய மைக்கை ஸ்டாண்டில் நிறுத்திவிடுங்கள்.