ஸ்கூர் தெரியாத நாட்கள்

மே 12

ஸ்காட்லாந்தின் எக் (Eigg) தீவுக்கு வந்து சேர்ந்தோம். மல்லெய்க் துறையிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். அக்கா வழி முழுக்க மேல்தளத்திலேயே நின்றாள், குளிர்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூரத்தில் பார்த்தபோது ஸ்கூர் மலைக்கு சரிந்த முதுகு இருந்தது. துறைக்கு நேரே வந்ததும் முதுகைக் காணோம், கறுப்பாக ஒரு தூண் மட்டும். "அதே மலைதானாட்டி?" என்று இரண்டு தடவை கேட்டாள். 393 மீட்டர்தான். பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டோம்.

பெட்டியை வைத்துவிட்டு வெளியே வருவதற்குள் மேகம் மூடிவிட்டது.

மே 13

மழை. ஸ்கூர் தெரியவில்லை. காத்திருக்கிற போன் வரவில்லை.

மே 14

கரண்ட் போனது. எங்களால்தான். வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் கெட்டிலைப் போட்டேன், அக்கா அதே நேரத்தில் அடுப்பைப் போட்டாள். வீட்டுக்கு 5 கிலோவாட், அவ்வளவுதான். கடைக்கும் விடுதிக்கும் 10. அதைத் தாண்டினால் பொத்தென்று நின்றுவிடும், ஆளைக் கூப்பிட வேண்டும். வந்தவர் சிரித்துக்கொண்டே சரிசெய்துவிட்டுப் போனார். எனக்குத்தான் கூச்சம்.

இந்தத் தீவுக்கு வெளியிலிருந்து கம்பி எதுவும் வரவில்லை. ஓடைத் தண்ணீர், காற்று, வெயில் மூன்றிலும் இவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். 2008 பிப்ரவரியில் தொடங்கியது. அதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர். காற்று பலமாக அடித்து கரண்ட் மிஞ்சினால் ஊர்க் கூடத்தைச் சூடாக்க அனுப்பிவிடுகிறார்கள். தீவையே 1997 ஜூனில் இவர்கள் பணம் திரட்டி வாங்கியிருக்கிறார்கள். அதுவரை யாரோ ஒரு முதலாளி, அவர் விற்றால் இன்னொரு முதலாளி. நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற ஊர்.

அக்கா இப்போது மீட்டரை விட்டு நகர்வதில்லை. "ஏட்டி, கெட்டில் போடப் போறேன், நீ எதையும் தொடாத" என்று அடுப்படியிலிருந்து கத்துகிறாள். நல்லது. போனைப் பார்ப்பதற்கு மீட்டரைப் பார்க்கட்டும்.

மே 15

மதியம் பத்து நிமிஷம் தெரிந்தது. தூணின் அடிப்பகுதி மட்டும். தலை கடைசிவரை தெரியவே இல்லை.

பாதையோரத்தில் அக்கா ஒரு கல்லை எடுத்தாள். கறுப்பு, உடைந்த இடத்தில் கண்ணாடி மாதிரி மினுக்கம். பிட்ச்ஸ்டோன். மலை மொத்தமும் அதுதான். 5.8 கோடி ஆண்டுக்கு முன்னால் அங்கே ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு இருந்ததாம். எரிமலை கக்கியது பள்ளத்தை நிரப்பி இறுகிவிட்டது. இரண்டு பக்கமும் கரையாக நின்ற பசால்ட் பாறை கரைந்து போய்விட்டது, உள்ளே நிரம்பியது மட்டும் நிற்கிறது. பழைய ஆற்றின் கூழாங்கல் இன்னும் அதன் அடியில் இருக்கிறது. கல்லாகிப்போன பைன் கட்டையும் கிடைத்திருக்கிறது, அதற்குத் தீவின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

"அப்போ நாம அண்ணாந்து பாக்குறது ஆத்தோட தரையையா?" என்றாள். ஆமாம் என்றேன். கல்லைக் கோட் பையில் போட்டுக்கொண்டாள். எடுக்கக் கூடாது என்று சொன்னது காதில் விழவில்லை.

தீவின் பெயரை 'எக்' என்றுதான் சொல்ல வேண்டும். முட்டைத் தீவு என்று பெயர் வைத்தாயிற்று.

மே 16

சைக்கிளில் கிளீடேல் போனோம். அங்கே பாடும் மணல் இருக்கிறது, காய்ந்திருக்கும்போது மிதித்தால் கீச்சிடும். 1844-இல் ஹியூ மில்லர் இங்கே புதைபடிவம் தேடி வந்து, இந்தச் சத்தத்தையும் கேட்டுவிட்டுப் போனார். எங்களுக்கு ஈர மணல். அக்கா செருப்பைக் கழற்றி, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை. நான் போதும் என்றேன். இன்னும் ஒரு தடவை என்றாள். ஒரு சத்தமும் இல்லை.

எதிரே ரம் தீவு முழுசாகத் தெரிந்தது, அஸ்கிவல் உச்சிவரை. நம்முடையது மட்டும் மூடிக்கிடக்கிறது.

மே 17

அம்மா கூப்பிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறோம், சும்மா ஊர் சுற்ற வந்தோம் என்றேன். "அவ ஏன் பேச மாட்டேங்கா?" குளிக்கிறாள் என்றேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மே 18

குகைக்குப் போக வேண்டாம் என்று நேற்று முடிவு. இன்று போனோம். வாய் ரொம்பச் சின்னது, தவழ்ந்துதான் நுழைய வேண்டும், உள்ளே பெரிதாக விரிகிறது என்கிறார்கள். 1577-இல் மெக்லவுட் கூட்டம் படகில் வந்தபோது தீவிலிருந்த மெக்டொனால்டுகள் எல்லாரும் இதில் ஒளிந்ததாகக் கதை. வந்தவர்கள் தேடிச் சலித்துத் திரும்பியிருப்பார்கள். வெளியே எட்டிப் பார்க்கப் போனவனின் கால்தடம் பனியில் பதிந்து காட்டிக்கொடுத்துவிட்டது. வாயில் தீ மூட்டினார்கள். 395 பேர் என்று சொல்கிறார்கள்.

நான் நுழையவில்லை. அக்கா முழங்காலில் உட்கார்ந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு அதிகமாகப்பட்டது. வரும் வழியில், "அவன் ஏன் வெளிய வந்தான்? காத்திருக்க முடியலையோ?" என்றாள். இரவு சாப்பிடவில்லை.

மே 19

போன் இல்லை.

மே 20

பொறுக்காமல் நான் மட்டும் கிளம்பினேன். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள், சீட்டு எழுதி வைத்தேன். கால்மிஸ்டேல் வீட்டுக்குப் பின்னால் பாதை பிரிந்து சதுப்பில் ஏறுகிறது. தூணுக்கு நேராக ஏற முடியாது, வடக்குச் சுவருக்கு அடியிலேயே நடந்து, ஒரு சரிவுப் பிளவில் ஏறி, முகட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். சுவர் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். பாறை பேசுவதுபோல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம், வேறொன்றும் தெரியவில்லை. கக்கூப் பறவை ஒன்று விடாமல் கத்தியது. அதையும் குயில் என்றுதான் மொழிபெயர்க்கிறோம், ஆனால் நம் குயிலின் ஏக்கம் அதில் துளியும் கிடையாது. கடிகாரம் கத்துகிற மாதிரி இருக்கிறது.

பிளவின் அடியில் திரும்பிவிட்டேன். பயம்தான். வேறு காரணம் எழுதத் தோன்றவில்லை.

வந்தால் சீட்டு அப்படியே இருக்கிறது. அவள் எழுந்திருக்கவே இல்லை.

மே 21

வந்துவிட்டது. 11.40-க்கு. லைன் விட்டுவிட்டுக் கேட்டது. 28-ஆம் தேதி நேரில் வாருங்கள், போனில் சொல்வதற்கில்லை. கூட ஒருவரை அழைத்துவரலாம். அவ்வளவுக்கு ஒன்பது நாள்.

நல்லதென்றால் போனிலேயே சொல்லியிருப்பார்கள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று நான் சொன்னேன். "ஆமா" என்றாள்.

மே 22

காற்று. கப்பல் இன்றைக்கும் நாளைக்கும் இல்லை. காற்றாலைகள் பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றுகின்றன, கரண்டுக்குப் பஞ்சமே இல்லை, அதை வைத்து என்ன செய்வது. அக்காவிடம் எரிந்து விழுந்தேன், ஈரத் துண்டை நாற்காலியில் போட்டதற்கு.

ராத்திரி அவளே வந்து உட்கார்ந்து கதை கேட்டாள். மலை முகட்டில் ஓர் ஏரி, பெரிய பெண்களின் ஏரி என்று பெயர். 617-இல் டொனன் என்ற துறவியையும் கூட இருந்தவர்களையும் ஒரு ராணி அனுப்பிய ராட்சசப் பெண்கள் கொன்றார்களாம். அதன்பின் ஏதோ வெளிச்சம் தெரிந்து, அதைப் பின்தொடர்ந்து போய் எல்லாரும் ஏரியில் மூழ்கினார்களாம். "எவ்வளவு பெருசு?" என்றாள். உன் அத்தை அளவுக்கு என்றேன். பத்து நாளில் முதல் சிரிப்பு.

மே 23

நான்கரைக்கே வெளிச்சம். காற்று இறங்கிவிட்டது. ஸ்கூர். முழுசாக, தலையோடு.

அவள்தான் எழுப்பினாள். நான்கு மணி நேரத்தில் போய்த் திரும்பலாம் என்பார்கள், எங்களுக்கு ஏழு. சதுப்பில் அவள் கால் முழங்கால்வரை போனது. பிளவில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள், நான் ஒன்றும் கேட்கவில்லை. மேலே பாறை பலகோணக் கட்டங்களாக, யாரோ தளம் போட்டதுபோல். பழைய கோட்டைச் சுவரின் கற்கள் முகட்டின் குறுக்கே கிடந்தன. கடைசியில் ஒரு கல் தூண், மூன்று பக்கமும் ஒன்றும் இல்லை.

மக் தீவு தட்டையாகக் கீழே. ரம், அதற்கு வலப்பக்கம் ஸ்கையின் கூலின் மலைகள், ரம்பப் பல் மாதிரி. அக்கா குப்புறப் படுத்து விளிம்பில் எட்டிப் பார்த்தாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். அடிவாரத்தில் நான்கு காற்றாலை. "ஏட்டி, நம்ம கெட்டில் அங்கதான் சுத்துது."

உச்சியில் சிக்னல் கிடைத்து அவள் போன் வரிசையாகப் பதினொரு தடவை அடித்தது. எடுத்துப் பார்க்காமலேயே அணைத்தாள்.

மே 24

தொடை இரண்டும் கட்டை. நாளை பகல் கப்பல் உண்டு. கல் ஜன்னலில் இருக்கிறது, காய்ந்ததும் வெறும் சாம்பல் நிறம். எச்சில் தொட்டு மறுபடி கறுப்பாக்குகிறாள்.

மே 25

ஆறு மணி. எனக்கு முன்னால் எழுந்து துணியெல்லாம் மடித்து வைத்திருக்கிறாள். மூன்றாவது நாளாக மழை இல்லை, மணல் காய்ந்திருக்கும் என்கிறாள். கப்பலுக்கு முன் போய் வர நேரம் சரியாக இருக்காது, உன் காலைப் பார் என்றேன். வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற சத்தம் கேட்கிறது.