உங்களுக்கு எதுவும் போகலையா, சார்?

அந்தக் கேள்வியில் குத்தல் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். இருபத்தெட்டு ஆண்டுகளாக டூல் ரூமில் இருப்பவனுக்குக் குத்தல் பேச்சு புதிதல்ல. ஆனால் என்னிடம் அப்ரென்டிஸாக வேலை கற்ற அந்தப் பையன், ஷிஃப்ட் முடிந்து லேத்தின் தட்டில் குவிந்திருந்த இரும்புச் சுருள்களைக் கம்பிக் கொக்கியால் இழுத்துத் தள்ளியபடி, ஒரு ஜாபின் அளவைக் கேட்கும் அதே குரலில் கேட்டான்: "நீங்க ஞானஸ்நானம் எடுத்தப்ப உங்களுக்கு எதுவும் போகலையா, சார்?"

"எனக்கு ஒண்ணும் போகலை, தம்பி" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, பட்டரவாக்கத்தில் திருவள்ளூர் வண்டியைப் பிடிக்கப் போய்விட்டான்.

அதற்கு அரை நிமிடம் முன்பு நான் சொன்னதுதான் இன்றுவரை என்னை விடாமல் இருக்கிறது. ஞானஸ்நான ஆயத்த வகுப்பில் சேரட்டுமா என்று அவன் கேட்டான்; வேலை கிடைக்கும் வரை பொறுத்துக்கொள், விசுவாசம் மனதில் இருந்தால் போதும், கர்த்தருக்குத் தெரியும் என்று நான் சொன்னேன். சொன்னபோது அது அக்கறையாகத்தான் இருந்தது. இப்போதும் பாதி நாட்கள் அக்கறையாகவே தெரிகிறது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியார் இந்துக்களாக இருக்க வேண்டும். 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். அவன் கையில் இருப்பது எஸ்.சி. சான்றிதழ்; ஞானஸ்நானம் பெற்றால் தமிழ்நாட்டில் அவனுக்குக் கிடைப்பது பி.சி. சான்றிதழ். ரயில்வேயின் கடைநிலைப் பணியிடங்களுக்குத் தேர்வு நடக்கிறது என்பதைக் கண்டுபிடித்துச் சொல்லி, அவனை விண்ணப்பிக்க வைத்ததே நான்தான். தகப்பனில்லாத பையன். ஒருமுறை அவன் அம்மா கேட்டில் என்னைப் பார்த்து, "சாமி எதுவா இருந்தாலும் சரி சார், சர்டிபிகேட்டை மட்டும் விட்டுடாதேன்னு சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பான்" என்றார். நான் சொன்னது அந்த அம்மாவுக்காகவும்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் என் சான்றிதழில் இருப்பது கிறிஸ்தவ நாடார். இந்து நாடாரும் பி.சி., கிறிஸ்தவ நாடாரும் பி.சி. கைக்குழந்தையாக என் தலையில் ஊற்றப்பட்ட தண்ணீர் என்னிடமிருந்து எதையும் கழுவிக்கொண்டு போகவில்லை. இதை நான் எழுபது கீர்த்தனைகளை மனப்பாடமாகப் பாடத் தெரிந்த ஐம்பத்துமூன்று வயதில், ஒரு பையன் கேட்ட பிறகுதான் யோசித்தேன்.

அவன் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வழியையும் சொல்ல வேண்டும். அதிலும் என் கை சுத்தமில்லை.

அவன் சேர்ந்த மூன்றாவது மாதம், 48 மில்லிமீட்டர் வெளிவிட்டத்தில் ஆறு புஷ்கள் (எஃகு வளையங்கள்) கடையக் கொடுத்திருந்தேன். முதல் பீஸை நான் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அன்று நான் வெளியே, அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு யார் யார் என்ன கொண்டுவருவது என்று சபைக் கமிட்டிக்காரர் ஒருவருடன் போனில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவன் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே அளந்து, சரியாக இருக்கிறது என்று ஆறையும் முடித்துவிட்டான். மைக்ரோமீட்டர் பொய் சொல்லவில்லை. ஜாப், அதாவது கடைந்த பீஸ், சூடாக இருந்தது. அந்தக் கனத்தில் முப்பது டிகிரி சூடு இருந்தாலே 0.017 மில்லிமீட்டர் அளவுக்கு எஃகு விரிந்து நிற்கும். எங்கள் டிராயிங்கில் அனுமதித்த வித்தியாசமே 0.02 தான். ஆறியதும் ஆறும் அண்டர்சைஸ், அளவைவிடச் சிறியவை. அவன் முகம் வெளுத்துப் போய் நின்றான். நான் ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டரை எடுத்து, ஆபரேட்டர் பெயர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு அவன் கையைப் பிடித்து, மைக்ரோமீட்டரின் ராட்செட்டை எத்தனை சொடுக்கு திருப்ப வேண்டும், ஜாபைத் தொட்டுப் பார்த்துச் சூட்டை எப்படி அறிய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். (தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொன்ன தோமாவின் பெயரில் மலையே இருக்கும் ஊர் இது. டர்னர்களுக்கு ஏற்ற சீடர் அவர்தான் என்று எங்கள் பழைய ஃபோர்மேன் சொல்வார்.)

"ஏன் சார் உங்க பேரை எழுதினீங்க?" என்று மறுநாள் கேட்டான். "எனக்காகவும் ஒருத்தர் அப்படிப் பேரைக் கொடுத்திருக்கார்" என்றேன். யார் என்று கேட்டான். சொன்னேன்.

அந்த வாக்கியம் என் நாக்கில் தயாராக இருந்தது என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ நற்செய்திக் கூட்டத்தில் கேட்டது. யாருடைய வாயில் கேட்டது என்றுகூட நினைவில்லை. அதைவிட மோசம், அந்தத் தப்பு முக்கால்வாசி என்னுடையது. முதல் பீஸைப் பார்க்க வேண்டியவன் போனில் இருந்தான். குற்றமற்றவர் குற்றவாளிக்காகப் பழி ஏற்றார் என்பது எங்கள் விசுவாசத்தின் நடுத்தூண். நான் அதற்கு உவமையாகக் காட்டியதோ, குற்றவாளி தன் பெயரைத் தானே எழுதிக்கொண்ட சம்பவம். இதை இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை. ஒருவேளை அவனுக்கே தெரிந்திருக்கலாம். நான் போனில் இருந்ததைப் பார்த்தவன்தானே.

பட்டறையில் நான் யாரிடமும் மதம் பேசியதில்லை என்று எப்போதும் சொல்லிக்கொள்வேன். உண்மைதான், பேசியதில்லை. ஆனால் என் டூல் பாக்ஸின் மேல்தட்டில், வெர்னியர் அளவுகோலுக்குப் பக்கத்தில், ஒரு பாக்கெட் அளவுப் புதிய ஏற்பாடு பெயர் வெளியே தெரியும்படி இருக்கும். அது அங்கே கிடப்பதற்கும் வைக்கப்படுவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். அவன் அதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது தயங்குவதுபோல் ஒரு கணம் நின்றேனே, அது நடிப்பா என்றும் தெரியவில்லை. பயிற்சி முடிந்த அன்று என்னுடைய பழைய 0–25 மைக்ரோமீட்டரை அவனுக்குக் கொடுத்தேன். 2002-இல் இந்த மாநிலத்தில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் ஒன்று வந்தது, 2004-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அன்பளிப்பையும் பொருள் ஆதாயத்தையும் ஆசை காட்டுதலாகக் கருதிய அந்தச் சட்டத்தில், மாற்றப்பட்டவர் பட்டியல் சாதியார் என்றால் தண்டனை நான்கு ஆண்டுவரை போகும். அன்று எங்கள் சபையில் அதைக் கண்டித்து ஜெபித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது யோசித்தால், அந்த மைக்ரோமீட்டர் என்ன? நல்ல கைக்கு நல்ல கருவியைக் கொடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் அவனுடைய மாத அறிக்கையில் மதிப்பெண் போட்டதும், லாக் புக்கில் கையெழுத்துப் போட்டதும், பயிற்சி முடிந்தபின் ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லி மேனேஜரிடம் பேசியதும் இதே கைதான். அப்படிப்பட்ட கை நீட்டும் எதையும் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா?

ஆயினும் அவனுடைய விசுவாசத்தை என் வேலையின் விளைவு என்று சொன்னால் அது அவனுக்கு இழைக்கும் அநியாயம். திருநின்றவூரிலிருந்து வரும் வண்டியில் நின்றுகொண்டே மாற்கு சுவிசேஷத்தின் பதினாறு அதிகாரங்களையும் படித்து முடித்து, நான் ஐம்பது ஆண்டுகளாக ஆலயத்தில் உட்கார்ந்தும் கேட்காத கேள்விகளைக் கேட்டான். "பேதுரு மூணு தடவை இயேசுவையே தெரியாதுன்னுட்டார். அப்புறம் எப்படி சார் அவரைச் சேர்த்துக்கிட்டாங்க?" என்று ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டான். மன்னிப்பைப் பற்றி ஏதோ சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை. "சேர்த்துக்கிட்டவங்களுக்குப் பெரிய மனசு. ஆனா அவர் எப்படி அவங்க முகத்துல முழிச்சார்?" என்றான். பொறுத்துக்கொள், வெளியே சொல்லாதே என்று பின்னாளில் நான் அறிவுரை சொன்னது இந்தக் கேள்வியைக் கேட்டவனிடம்தான்.

அவன் ஆலயத்துக்கு வரத் தொடங்கியது, நான் கூப்பிட்டதால் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர் என் தோளில் கைபோட்டு, "பையன் நல்லா இருக்கானே, எந்த ஊரு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் பொருள் சென்னையிலும் மாறுவதில்லை. "திருநின்றவூர்" என்றேன். "அது சரி, பூர்வீகம்?" என்றார். எனக்குத் தெரியாது என்று பொய் சொன்னேன். அரசாங்கம் அவனிடம், கிறிஸ்தவனானால் உன் சாதி போய்விடும் என்கிறது. எங்கள் பெஞ்சு அப்படி ஒன்றும் போய்விடாது என்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்துகொண்டுதான் நான் அவனைப் பொறுத்திருக்கச் சொன்னேன்.

என் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதற்கென்றே ஓர் ஆணையம் அமைத்தார்கள். சட்டம் மாறலாம், காத்திருப்பதில் தவறில்லை என்று நினைத்தேன். பிறகு 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், மேல்நிலை எழுத்தர் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டிருந்தார்; குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர், தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர் என்பதைக் காட்டி மறுத்தார்கள். உண்மையான நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் ஒரு மதத்தைச் சொல்லிக்கொள்வது அரசியலமைப்பின்மீது செய்யும் மோசடி என்றார்கள். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் மட்டும்தான் கணக்கில் வரும் என்று நான் நினைத்திருந்தேன். கடைசி பெஞ்சும் கணக்கில் வரும் போலிருக்கிறது. நான் அவனுக்குப் பாதுகாப்பான ஓர் இடத்தைக் காட்டவில்லை. நான் காட்டிய இடத்தில் நின்றால், அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டு இடத்திலும் அவன் பாதியைத்தான் சொல்ல முடியும்.

வேதத்தில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் போகும்போது தண்ணீரைக் கண்டு, நான் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று பிலிப்புவைக் கேட்கிறார். பிலிப்பு ரயில்வே தேர்வு முடியட்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மந்திரி கந்தாகே ராணியின் பொக்கிஷத்தையே கையில் வைத்திருந்தவர்; கரையேறியதும் சந்தோஷமாகத் தன் வழியே போனார், பிலிப்புவோ அங்கிருந்து கொண்டுபோகப்பட்டுவிட்டார். மறுநாள் அந்த மந்திரியின் அம்மாவைக் கேட்டில் சந்திக்க வேண்டிய நிலை பிலிப்புவுக்கு இருந்ததா? முன்பு சபையைத் துன்புறுத்திய சவுலைக் கண்டு எல்லோரும் பயந்தபோது அவரை அப்போஸ்தலர்களிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திய பர்னபாவை நினைத்துத்தான் என் மனதைத் தேற்றிக்கொள்வேன். கூட்டிப்போய் நிறுத்துவதை நானும் செய்தேன். கூட்டிப்போன கையை எப்போது விடுவது என்பதுதான் தெரியவில்லை.

அவன் தேர்வு எழுதிவிட்டான். முடிவு இன்னும் வரவில்லை. மூன்று வாரங்களுக்கு முன்பு, திருவிருந்து ஆராதனை முடிந்ததும் ஆயர் என்னை உடைமாற்றும் அறைக்குக் கூப்பிட்டார். அவன் ஆயத்த வகுப்பில் இரண்டு மாதங்களாக இருக்கிறானாம். எனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவனே கேட்டுக்கொண்டானாம். ஆயர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். மேலே அவன் பெயரும் தகப்பன் பெயரும், அவன் லாக் புக்கில் எழுதும் அதே சாய்ந்த எழுத்தில். கீழே சாட்சியின் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தான். பக்கத்தில் கையெழுத்துக்கான கட்டம் காலியாக இருந்தது.

"யோசிச்சுப் போடுங்க, அவசரமில்லை" என்றார் ஆயர்.

படிவம் என் டூல் பாக்ஸில், மேல்தட்டில் இருக்கிறது. தினமும் காலையில் அவன் வெர்னியர் கேட்டு என்னிடம் வருகிறான். நான் மூடியைத் திறந்து எடுத்துக் கொடுக்கிறேன். அவன் குனிந்து பார்ப்பதில்லை.